தண்ணீருக்குள் இரண்டு கைகள்: ‘ஹங்கர்’ படம் பார்த்த ஒரு பழைய வார்டர்

படம் தொடங்கிச் சில நிமிடங்கள்தான் ஆகியிருக்கும். ஒரு மனிதர் கை கழுவும் தொட்டியில் தண்ணீரை நிரப்பி, இரண்டு கைகளையும் உள்ளே அமிழ்த்தி வைத்துக்கொண்டு நிற்கிறார். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருக்கிறது. அவர் யார், என்ன வேலை பார்க்கிறார், காயம் எப்படி வந்தது என்று படம் சொல்லவில்லை. எனக்கு அது தெரிந்துவிட்டது. 1984 முதல் 2016 வரை தமிழ்நாட்டுச் சிறைகளில் வார்டராக இருந்தவன் நான். இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து தலைமைக் காவலராக ஓய்வு பெற்றேன். அடித்த கை எப்படி வீங்கும், எந்த நேரத்தில் எரியத் தொடங்கும் என்பது எனக்குத் தெரியும்.

ஸ்டீவ் மெக்குயின் இயக்கி 2008இல் வெளியான ‘ஹங்கர்’ படத்தைப் பற்றி எழுதுகிறேன். வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் 1981இல் நடந்த உண்ணாவிரதம்தான் கதை. படத்தின் நீளம் 96 நிமிடம். கான் திரைப்பட விழாவில் முதல் படம் எடுத்த இயக்குநருக்குத் தரப்படும் தங்கக் கேமரா விருது இதற்குக் கிடைத்தது. மெக்குயின் அதற்கு முன் ஓவிய, நிகழ்பட உலகில் பெயர் பெற்றவர். 1999இல் டர்னர் பரிசு வாங்கியவர். சிறுவனாக இருந்தபோது தொலைக்காட்சிச் செய்தியில், அந்த உண்ணாவிரதத்தை முன்னின்று நடத்திய கைதி பாபி சாண்ட்ஸின் படமும், அதன் கீழே நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் ஓர் எண்ணும் வந்ததைப் பார்த்திருக்கிறார். சாண்ட்ஸ் சாப்பிடாமல் இருந்த நாட்களின் கணக்கு அது. அந்த எண்தான் இந்தப் படத்துக்கு விதை என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

மகள்தான் தன் மடிக்கணினியில் படத்தை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். பார்த்து முடித்த பிறகு, இதைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். பாராட்டுக்குக் குறைவே இல்லை. சாண்ட்ஸாக நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டர் உடம்பை எலும்புக்கூடாக இளைக்கவைத்ததைப் பற்றி ஒருவர் விடாமல் எழுதியிருக்கிறார்கள். பாதிரியாரும் சாண்ட்ஸும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பேச, கேமரா அசையாமல் பதினேழு நிமிடம் ஒரே காட்சியாக ஓடுவதைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். இன்னொரு பக்கம், வன்முறை இயக்கத்தைச் சேர்ந்த ஒருவரைச் சிலுவையில் அறையப்பட்ட கிறிஸ்துவைப் போலக் காட்டிவிட்டார்கள் என்று கண்டித்தவர்களும் உண்டு. எல்லாவற்றையும் படித்தேன். அந்த இரண்டு கைகளைப் பற்றி ஓரிரு வரிக்கு மேல் எழுதியவர்களை அதிகம் காணவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். படம் அதை ஊட்டிவிடாது. வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்கப் போராடிய ஐ.ஆர்.ஏ. போன்ற ஆயுத இயக்கங்களின் கைதிகளுக்கு 1972இல் ஒரு தனித் தகுதி கொடுத்தார்கள். அரசியல் கைதி என்று வாயால் சொல்லவில்லையே தவிர, நடத்தியது அப்படித்தான். 1976 மார்ச் 1க்குப் பிறகு நடந்த குற்றங்களுக்கு அந்தத் தகுதி கிடையாது என்று பிரிட்டிஷ் அரசு அறிவித்தது. அந்த ஆண்டே, சிறைச் சீருடையை உடுத்த மாட்டேன் என்று மறுத்த முதல் கைதி வெறும் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு நூற்றுக்கணக்கானவர்கள் போர்வைக்கு மாறினார்கள். 1978இல் குளிக்க மறுத்தார்கள். மலத்தைச் சுவரில் பூசினார்கள். சிறுநீரைக் கதவிடுக்கு வழியாக வராந்தாவில் ஊற்றினார்கள்.

கேட்டது ஐந்து கோரிக்கைகள். சிறைச் சீருடை வேண்டாம். சிறை வேலை வேண்டாம். மற்றக் கைதிகளோடு தடையில்லாமல் கூடிப் பேச வேண்டும். வாரம் ஒரு சந்திப்பு, ஒரு கடிதம், ஒரு பார்சல் வேண்டும். போராட்டத்தால் இழந்த தண்டனைக் குறைப்பைத் திரும்பத் தர வேண்டும். வெளியில் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். சட்டை, வேலை, பேச்சு, மனு, ரெமிஷன் என்று நாங்கள் சொல்வது இந்த ஐந்தைத்தான். உறவினர் வந்து கைதியைப் பார்ப்பதற்கு எங்கள் சிறைகளில் மனு என்று பெயர். ஒரு ஜெயில் ஓடுவதே இந்த ஐந்து கயிற்றில்தான். எதை இழுத்தால் கைதி எந்தப் பக்கம் திரும்புவான் என்பது வேலைக்குச் சேர்ந்த ஆறே மாதத்தில் எந்த வார்டருக்கும் பிடிபட்டுவிடும். ஐந்தையும் ஒரே நேரத்தில் கேட்டால், கையில் சாவிக்கொத்தைத் தவிர வேறொன்றும் மிஞ்சாது. அந்த அரசு ஏன் அவ்வளவு முரண்டு பிடித்தது என்பது இதனால் எனக்குப் புரிந்தது. புரிந்ததே தவிர, ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முதல் அரை மணி நேரத்தில் பேச்சு மிகக் குறைவு. சாண்ட்ஸே இன்னும் வரவில்லை. தண்ணீரில் கையை வைத்திருந்தவர் ரேமண்ட் லோஹன் என்ற சிறைக் காவலர். நடித்திருப்பவர் ஸ்டூவர்ட் கிரஹாம். இது கற்பனைப் பாத்திரம். வீட்டில் காலை உணவு சாப்பிடுகிறார்; மடியில் விரித்த துணியில் ரொட்டித் துகள்கள் விழுகின்றன. தெருவுக்கு வந்து இரு பக்கமும் பார்க்கிறார். குனிந்து காருக்கு அடியில் குண்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். வண்டியைக் கிளப்பும்போது மனைவி ஜன்னலில் நிற்கிறாள். சிறையில் சக காவலர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருக்க, அவர் தனியாகச் சீருடை மாற்றுகிறார். பின்பு வெளியே சுவரில் சாய்ந்து, பனி கொட்டும்போது சிகரெட் பிடிக்கிறார். கேமரா மறுபடியும் அந்த முட்டிகளுக்குப் போகிறது. காயம் எப்படி வந்தது என்பதை வெகுநேரம் கழித்துத்தான் காட்டுகிறார்கள்: ஒரு கைதியைக் கட்டாயமாக முடி வெட்டிக் குளிப்பாட்ட இழுத்து வரும்போது ஓங்கிய குத்து தவறிச் சுவரில் படுகிறது. விளைவை முன்னால் காட்டிவிட்டுக் காரணத்தைப் பின்னால் வைத்த இந்த வரிசைக்காகவே மெக்குயினுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். ஜெயிலும் மனிதர்களை இந்த வரிசையில்தான் நமக்குக் காட்டும். முதலில் காயம் தெரியும். ஏன் என்பது பிறகு தெரியும், பல நேரங்களில் தெரியாமலே போகும்.

வராந்தாக் காட்சி ஒன்று இருக்கிறது. எல்லாக் கொட்டடிகளின் கதவுக்குக் கீழேயிருந்தும் ஒரே நேரத்தில் சிறுநீர் வழிந்து வெளியே வருகிறது. பிறகு ஓர் ஊழியர் மருந்து தெளித்து, நீளத் துடைப்பத்தால் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து கேமராவை நோக்கித் தள்ளிக்கொண்டே வருகிறார். வெட்டே இல்லை. அவர் நம்மிடம் வந்து சேரும் வரை உட்கார்ந்திருக்கத்தான் வேண்டும். பொறுமையைச் சோதிக்கிறது என்று இதைக் குறை சொன்னவர்கள் இருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கொட்டடிக்குள் இரவுக்கு ஒரு சட்டிதான் வைத்திருப்பார்கள். விடியற்காலைத் திறப்பில் முதலில் முகத்தில் அறைவது அந்த வாடையும் ஃபினாயிலும் கலந்த ஒரு நெடி. அதைச் சுத்தம் செய்யக் கைதிகளிலேயே சிலரை வைத்திருந்தார்கள். அவர்கள் பெயரை நாங்கள் கேட்டதில்லை. ‘ஏய்’ என்றுதான் கூப்பிட்டோம். இந்தப் படம் துடைப்பம் பிடித்த மனிதருக்கு அத்தனை நேரம் ஒதுக்கியிருக்கிறது. இன்னொரு இடத்தில், ஒரு கைதி சுவரில் மலத்தால் சுழல் சுழலாக வரைந்திருப்பதை அழிக்க வந்தவர், தண்ணீரைப் பீய்ச்சும் முன் ஒரு கணம் நின்று பார்க்கிறார். அந்தத் தயக்கம் நடிப்பு என்றே எனக்குத் தோன்றவில்லை.

அடுத்ததைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் இந்த விமர்சனத்துக்குப் பொருளில்லை. கலவரத் தடுப்புப் போலீசார் கேடயங்களில் தடியால் தட்டிக்கொண்டு இரு வரிசையாக நிற்கிறார்கள். நிர்வாணமாக்கப்பட்ட கைதிகளை ஒவ்வொருவராக அந்த வரிசைக்கு நடுவே இழுத்துவந்து அடிக்கிறார்கள். ஓர் இளம் காவலர் மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒதுங்கி அழுகிறார். திரையின் ஒரு பாதியில் அடி விழுகிறது. மறு பாதியில் அழுகை. நடுவில் ஒரு சுவர். ஷான் பாபிட்டின் ஒளிப்பதிவில் இந்த ஒரு சட்டகம் போதும்.

கைதிகள் மேல் நான் கை வைத்ததில்லை என்று சொல்ல என்னால் முடியாது. வைத்திருக்கிறேன். புது வார்டர்களை முதல் வரிசையில் நிறுத்துவார்கள். தயங்கினால் மாலையில் பாராவுக்குப் போகும்போது சக காவலர்களின் பார்வை மாறியிருக்கும். என்னோடு சேர்ந்த ஒருவர் அப்படி ஒரு நாள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். மறுநாளிலிருந்து அவரை யாரும் டீ குடிக்கக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. இந்தக் காட்சியைப் பார்த்ததும் அவருக்குத் தொலைபேசியில் பேசி, வீட்டுக்கு வரச் சொல்லிப் போட்டுக் காட்டினேன். நிறுத்தச் சொல்லி, திரும்ப ஒரு முறை போடச் சொன்னார். பிறகு, “அந்தப் பையன் வேலையை விட்டானா?” என்று கேட்டார். படத்தில் அது வரவில்லை என்றேன். “விட்டிருக்க மாட்டான்” என்றார்.

இனி எல்லோரும் கொண்டாடும் அந்த உரையாடல். கொண்டாட்டம் தகும். பாதிரியார் டொமினிக் மொரானாக லியாம் கன்னிங்ஹாம். இருவரும் ஒரே வீட்டில் தங்கி, ஒரு நாளில் பல முறை ஒத்திகை பார்த்து எடுத்த காட்சி என்கிறார்கள். எண்டா வால்ஷ் மெக்குயினோடு சேர்ந்து எழுதிய வசனம். சிகரெட்டில் தொடங்குகிறது. பைபிள் தாளைக் கிழித்துப் புகையிலை சுற்றுகிறார்களே, எந்தப் புத்தகம் புகைக்க நன்றாக இருக்கிறது என்று பாதிரியார் விளையாட்டாகக் கேட்கிறார். புலம்பல் புத்தகத்தை மட்டும்தான் புகைக்கிறோம் என்கிறார் சாண்ட்ஸ். தாளுக்கும் தீக்குச்சிக்கும் பீடிக்கும் அலைந்து, எது கிடைத்தாலும் அதில் ஒரு வேடிக்கையைக் கண்டுபிடிக்கும் கைதிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பிலிருந்து பேச்சு மெல்ல மெல்ல இருண்டுகொண்டே போகிறது. இது தற்கொலை என்கிறார் பாதிரியார். உன் மகனை நினைத்தாயா என்கிறார். முன்பு 1980இல் ஏழு பேர் 53 நாள் இருந்த உண்ணாவிரதம் பலன் தராமல் முடிந்ததை நினைவூட்டுகிறார். இந்த முறை எல்லோரும் ஒன்றாகத் தொடங்கப் போவதில்லை, ஒருவர் விழுந்தால் அடுத்தவர் வருவார் என்கிறார் சாண்ட்ஸ். படம் யார் பக்கமும் சாயாமல் இருவருக்கும் முழு வாதத்தையும் கொடுத்திருக்கிறது. புனிதராக்கிவிட்டார்கள் என்று குற்றம் சொல்கிறவர்கள் இந்த உரையாடலைக் காதில் வாங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அதன் முடிவில் கேமரா முதல்முறையாக சாண்ட்ஸின் முகத்துக்கு அருகே போகிறது. பன்னிரண்டு வயதில் ஓட்டப் பந்தயத்துக்காக டொனகல் போனபோது ஓடையில் கால் முறிந்து கிடந்த குதிரைக்குட்டி ஒன்றைப் பார்த்த கதையைச் சொல்கிறார். பெரியவர்கள் தயங்கி நிற்க, இவர் அதைத் தண்ணீரில் அமுக்கிச் சாகவிட்டாராம். இந்த இடத்தில் ஃபாஸ்பெண்டரின் குரல் போதும். பிறகு அவர் இளைத்ததைப் பற்றித்தான் உலகம் பேசியது. எனக்கு இந்தக் குரல்தான் நிற்கிறது.

கடைசிப் பகுதி உண்ணாவிரதம். படப்பிடிப்பைச் சில வாரங்கள் நிறுத்திவைத்து நடிகரை மெலியவைத்திருக்கிறார்கள். முதுகுப் புண்கள், போர்வை உடம்பில் படாமலிருக்கப் படுக்கைக்கு மேல் வைத்த வளைவு, தொடாமலே திரும்பிப் போகும் சாப்பாட்டுத் தட்டு எல்லாம் இருக்கின்றன. என்னென்ன உறுப்பு எந்த வரிசையில் கெடும் என்று டாக்டர் பெற்றோரிடம் ஒரே சீரான குரலில் சொல்கிறார். இங்கே நான் படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன்.

காரணம் இது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் வேலை பார்த்த ஒரு சிறையில், தாயாரைப் பார்க்க விடுப்பு மறுக்கப்பட்ட ஒரு தண்டனைக் கைதி சாப்பிட மறுத்தார். ஒன்பதாம் நாள் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பால் ஊற்றினார்கள். தோளைப் பிடித்துக்கொண்டவன் நான். அவர் இருமினார், பால் மூக்கு வழியாகவே திரும்பி வந்து என் சட்டையில் வழிந்தது. பிழைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வார். அந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள எனக்கு ஒரு நாளும் முடிந்ததில்லை.

மேஸ் சிறையில் குழாய் விடவில்லை. கைதிக்குப் புத்தி தெளிவாக இருந்து, உணவு வேண்டாம் என்று சொன்னால் டாக்டர் கட்டாயமாக ஊட்டக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் 1975இல் டோக்கியோவில் அறிவித்திருந்தது. பிரிட்டிஷ் சிறைகளிலும் அதற்குள் அந்த வழக்கத்தைக் கைவிட்டிருந்தார்கள். அதனால்தான் படத்தில் டாக்டரும் மருத்துவப் பணியாளரும் செய்வதற்கு ஒன்றுமில்லாமல் பக்கத்தில் இருக்கிறார்கள். 1929இல் லாகூர்ச் சிறையில் இதே போன்ற கோரிக்கைக்காக, அரசியல் கைதிகளுக்குரிய நடத்தை வேண்டும் என்று, 63 நாள் பட்டினி கிடந்து ஜதீந்திரநாத் தாஸ் இறந்தார். அவருக்குக் கட்டாயமாகப் புகட்ட முயன்றதில்தான் உடல்நிலை கெட்டது. அவர் இறந்தபோது அயர்லாந்திலிருந்து ஓர் இரங்கல் தந்தி வந்தது. அனுப்பியது, 1920இல் பிரிக்ஸ்டன் சிறையில் 74 நாள் உண்ணாவிரதமிருந்து இறந்த டெரன்ஸ் மெக்ஸ்வினியின் குடும்பம். சாண்ட்ஸ் திடீரென்று கண்டுபிடித்த ஆயுதம் இல்லை இது.

இந்தப் பகுதியிலும் எனக்குப் பிடித்தது ஒரு பணியாளரின் கைகள்தான். குளியல் தொட்டியில் சாண்ட்ஸ் கிடக்கிறார். பக்கத்தில் இருப்பவரின் விரல் முட்டிகளில் யூ.டி.ஏ. என்று பச்சை குத்தியிருக்கிறது; எதிர்த்தரப்பு ஆயுத இயக்கத்தின் பெயர். அதைப் பார்த்ததும் சாண்ட்ஸ் தன் பலத்தையெல்லாம் திரட்டி எழுந்து நிற்கிறார். நிற்க முடியாமல் விழுகிறார். அந்தப் பச்சை குத்திய கைகள்தான் அவரைக் குழந்தையைப் போலத் தூக்கிக்கொண்டு போகின்றன. பேச்சு கிடையாது. வெறுப்பு குறைந்ததா இல்லையா என்றும் தெரியாது. வேலை என்பதால் தூக்கினார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சிறையில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

குறைகளும் இருக்கின்றன. மரணம் நெருங்க நெருங்கப் பறவைகள் எழுந்து பறக்கின்றன, சிறுவன் பாபி ஓடுகிறான், வெளிச்சம் மென்மையாகிறது. அதுவரை மூக்கைப் பொத்தவைத்த படம் இங்கே நமக்கு ஆறுதல் சொல்லத் தொடங்குகிறது. எனக்கு அந்த ஆறுதல் வேண்டியிருக்கவில்லை. பட்டினி கிடந்தபடியே சாண்ட்ஸ் 1981 ஏப்ரல் 9இல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் வென்றார், 30,493 வாக்குகள். அந்தத் தேர்தல் காட்சியாகவே வரவில்லை. மே 5இல், 66ஆம் நாள், 27 வயதில் இறந்தார். அவருக்குப் பின் இறந்த ஒன்பது பேரும் கடைசி எழுத்துக்களில் ஓர் எண்ணாக நிற்கிறார்கள். அந்தக் கோடையில் நினைவிழந்து கிடந்த பிள்ளைகளுக்குச் சிகிச்சை தரச் சொல்லிச் சில குடும்பங்கள் சம்மதம் கொடுத்தன. அப்படித்தான் போராட்டம் தளர்ந்து அக்டோபர் 3இல் முடிந்தது. சாக விடுவதா, பிள்ளையின் சொல்லை மீறுவதா என்று ஒரு தாய் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சி இந்தப் படத்தில் இல்லாதது பெரிய இழப்பு. அதை எடுக்க மெக்குயினைவிடத் தகுந்தவர் இல்லை என்பதால்தான் வருத்தம்.

பார்க்க நினைப்பவர்களுக்கு: வசன எழுத்துக்களோடு பாருங்கள், பெல்ஃபாஸ்ட் உச்சரிப்பு வேகமாக ஓடும். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் சாவிச் சத்தமும் தூரத்துக் கதவும் தெளிவாகக் கேட்கும். பின்னணி இசை அநேகமாக இல்லாத படம் இது. சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம்.

லோஹனுக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. தெரியக் கூடாது என்பவர்கள் இங்கே நிறுத்திவிடலாம். பூங்கொத்தோடு, முதியோர் இல்லத்தில் இருக்கும் தாயைப் பார்க்கப் போகிறார். பின்னாலிருந்து ஒருவன் வந்து தலையில் சுடுகிறான். ரத்தம் தெறித்த முகத்தோடு தாய் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். மகன் தலை மடியில் கிடக்கிறது. அவளுக்கு யாரையும் அடையாளம் தெரியாத நிலை. அந்த ஆண்டுகளின் போராட்டத்தின்போது கொல்லப்பட்ட சிறைக் காவலர்கள் 16 பேர் என்று படத்தின் இறுதியில் எழுத்துக்கள் வருகின்றன.

இதுவரை மூன்று முறை பார்த்துவிட்டேன். மூன்றாம் முறை என் மனைவி அடுப்படி வேலையை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றாள். லோஹன் குனிந்து காருக்கு அடியில் பார்க்கிறார். அவர் மனைவி ஜன்னலில் நிற்கிறாள். “வண்டி கிளம்புகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நகர மாட்டாள், பாருங்கள்” என்றாள். அவள் முன்பு படத்தைப் பார்த்ததில்லை.